தங்கச் சூப்பானுக்கு வந்த சோதனை

செங்காட்டூர் அரண்மனையில் அப்போது வாய் இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். பல் முளைக்கிற இளவரசருக்கு. மற்ற எல்லாருக்கும் வெறும் காது மட்டும்தான். அவர் அழுதால் கோட்டைக் காவலனே உள்ளே எட்டிப் பார்ப்பான்.

செவிலி காமாயி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கருங்காலிக் கட்டையில் ஒரே துண்டாகக் கடைந்த சூப்பான். ஒட்டு இல்லை, இடுக்கு இல்லை. முழுசாக வாய்க்குள் போய்விடாதபடி பின்பக்கம் அகலமான வட்டு. கீழே விழுந்தால் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பாள். குழந்தை அதைச் சப்பிக்கொண்டே தூங்கிவிடும். அரண்மனையும் தூங்கும்.

கருவூல அதிகாரி அனந்தப்பருக்கு இது பொறுக்கவில்லை.

“அரசே, விறகுக் கட்டையா இளவரசர் வாயில்? பக்கத்து நாட்டுத் தூதர் பார்த்தால் என்ன நினைப்பார்?”

தூதர் என்ன நினைப்பார் என்று யாராவது கேட்டால் போதும், அரசர் கீர்த்திமாறருக்குச் சோறு இறங்காது. உடனே தங்கச் சூப்பான் செய்ய உத்தரவானது. மரச் சூப்பானை அனந்தப்பர் பிடுங்கிக் கருவூலத்தில் போட்டுப் பூட்டினார்.

புதுச் சூப்பான் வந்தது. தங்கத்தில் ஒரு மயில். தோகை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கற்கள். கழுத்தில் சலங்கை. வயிற்றில் தேன் ஊற்ற ஒரு குழி. எல்லாம் இருந்தது. குழந்தை சப்ப வேண்டிய இடம் எது என்றுதான் தேட வேண்டியிருந்தது.

காமாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஐயா, இதை எப்படிக் கழுவறது?”

“கழுவுவதா! வெந்நீர் பட்டால் கல் பதித்த அரக்கு இளகிவிடும். பட்டுத் துணியால் துடை, போதும்.”

“தோகை இடுக்குல தேன் ஒட்டிக்குமே ஐயா. கல்லு கழண்டு புள்ள தொண்டையில போயிட்டா?”

“வளர்க்கிறவளா, வாயாடியா நீ?”

குழந்தை மயிலைத் துப்பியது. திணித்தார்கள். வீறிட்டது. ராத்திரி பகல் பார்க்காமல் வீறிட்டது. அரசர் கண் சிவந்து சபைக்கு வந்து, “ஏன் அழுகிறான்?” என்று கத்தினார்.

அனந்தப்பர் கை கட்டி நின்றார். “பொருளில் குற்றம் இருக்காது அரசே. நானே முன்னால் நின்று செய்வித்தது. அந்தச் செவிலியின் வளர்ப்புதான் சரியில்லை. அவளை ஊரைவிட்டு அனுப்பினால் அழுகை நின்றுவிடும்.”

“நாளைக்கும் அழுதால் அனுப்பிவிடுங்கள்” என்றார் அரசர்.

நாளைக்கும் அழுதது. காமாயி துணி மூட்டையோடு சபை வாசலில் வந்து நின்றாள். அந்தப்புரத்திலிருந்து குழந்தையின் குரல் அவளைத் தேடித் தேடி வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிற மன்னாரப்பன் அப்போதுதான் தொண்டையைச் செருமினான்.

“அரசே, அந்த அம்மா போகட்டும். ஆனால் ஒரு முறை விட்டுப்போயிருக்கிறதே?”

“என்ன முறை?”

“தங்களுக்குத் தருகிற வெற்றிலையை நான் முதலில் மென்று காட்டித்தானே தருகிறேன்? ராஜ வம்சத்தார் வாயில் போவது எதுவானாலும், கொண்டுவந்தவர் வாயில் முதலில் போக வேண்டும். தங்கள் பாட்டனார் வைத்த சட்டம். இந்த மயில் இன்னும் யார் வாயிலும் போகவில்லையே.”

அரசர் அனந்தப்பரைப் பார்த்தார்.

“இதென்ன பிரமாதம்!” என்று அனந்தப்பர் மயிலை வாங்கி, தேன் ஊற்றி, வாயில் வைத்துக்கொண்டார். சலங்கை கிணுகிணுத்தது.

“குழந்தை நின்றுகொண்டா சப்பும் ஐயா? படுங்கள்” என்றான் மன்னாரப்பன்.

படுத்தார்.

“குழந்தைக்குத் தானாக எடுக்கத் தெரியாது. கையை மடக்கி வையுங்கள்.”

வைத்தார்.

“மதியச் சங்கு ஊதும்வரை இப்படியே. இளவரசரும் அப்படித்தானே வைத்திருக்க வேண்டியிருக்கிறது?”

கொஞ்ச நேரத்தில் மயிலின் மூக்கு அனந்தப்பரின் மூக்கில் ஏறியது. தோகை கன்னத்தைக் கீறியது. எச்சிலும் தேனும் தாடியில் வழிந்தன. ஒரு தும்மலில் மயில் தரையில் விழுந்து உருண்டது. எல்லாரும் நடந்து போகிற தரை. மன்னாரப்பன் ஓடிப்போய் எடுத்தான்.

“ஐயோ, கழுவாதே என்று உத்தரவு இருக்கிறதே!” பட்டுத் துணியால் ஒரு துடை துடைத்தான். “போதும், போதும்” என்று மறுபடி வாயில் வைத்தான். இடுக்கில் மண் அப்படியே இருந்தது.

அதற்குள் எறும்புகளுக்குச் செய்தி போய்விட்டது. தூணிலிருந்து வரிசையாக இறங்கி, தாடி வழியாகத் தோகைக்குள் குடிபோயின. அனந்தப்பர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “ம்ம்ம்! ம்ம்ம்!” என்று சலங்கையோடு சேர்ந்து அழுதார்.

“ஏனடா அழுகிறார்?” என்றார் அரசர்.

மன்னாரப்பன் கை கட்டி நின்றான். “பொருளில் குற்றம் இருக்காது அரசே. அவரே முன்னால் நின்று செய்வித்தது. செவிலியை ஊரைவிட்டு அனுப்பினால் இவர் அழுகையும் நின்றுவிடும்.”

அனந்தப்பர் துள்ளி எழுந்து மயிலைத் துப்பினார். “பொருள்தான்! பொருள்தான் குற்றம்! அவள் இருக்கட்டும்!”

சபை குலுங்கிச் சிரித்தது. துப்பியதோடு ஒரு பச்சைக் கல்லும் தெறித்து அரசர் காலடியில் விழுந்தது. அரசர் அதைக் குனிந்து எடுத்தார். விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

“காமாயி,” என்றார், “மூட்டையை உள்ளே வை. கருவூலத்தைத் திறந்து அந்தக் கட்டையை எடுத்துக்கொள்.”

அவள் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் கொதிக்கிற நேரம்தான். அந்தப்புரம் அடங்கியது. அப்புறம்தான் அரசர் மூச்சு விட்டுச் சிரித்தார்.

“மன்னாரப்பா, என்ன பரிசு வேண்டும்?”

“அந்தத் தங்க மயில்தான் அரசே.”

“கல் உதிர்கிறது, எறும்பு ஏறுகிறது. அது உனக்கு எதற்கு?”

“வெற்றிலைத் தட்டிலேயே வைத்திருப்பேன். அதிகாரி ஐயா அடுத்த யோசனை சொல்ல வாயைத் திறக்கும்போது எடுத்து நீட்டலாம்.”