பதினோரு வரி

மதுரையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பன்னிரண்டு பேர் மடிக்கணினியும் கையுமாகக் கூடுவார்கள். அவர்கள் சேர்ந்து வளர்க்கிற மென்பொருளுக்குச் சல்லடை என்று பெயர். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் அதன் வேலை.

சல்லடை யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் அதற்கு நிரல் எழுதி அனுப்பலாம். ஆனால் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு சாவி வைத்திருப்பவர் அதை உள்ளே சேர்ப்பார். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. சேர்க்கிற உரிமைக்கு அவர்கள் வைத்த பெயர். அது இரண்டே பேரிடம் இருந்தது. அதில் ஒருவர் விலகிக்கொள்ளப்போவதாகச் சொல்லிவிட்டார்.

இன்னொரு சாவி மெர்லினிடம். சல்லடையைத் தொடங்கியவர் அவர்தான். நாகர்கோவில்காரர், வயது முப்பத்திரண்டு. எல்லோரும் அவரைக் குரு என்பார்கள். எதிரில் சொன்னால் முறைப்பார்.

போகிறவரின் சாவி தனக்குத்தான் என்று அம்பலவாணன் இருந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. கம்பெனியில் இருபத்திரண்டு வருட அனுபவம், சல்லடையில் ஆறு வருடம். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வந்திருந்த நோய் வேறு.

நோயின் பெயர் செண்பகவல்லி. அருப்புக்கோட்டையில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டு சல்லடைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வந்தவர் பதினோரு வரி எழுதி அனுப்பினார். இனிஷியலும் பெயரும் மட்டும் உள்ள நம்மூர்ப் பெயர்களை ஒரு விண்ணப்பப் படிவம் ஒழுங்காக வாங்கிக்கொள்கிறதா என்று சோதிக்கும் பதினோரு வரி. மறுநாளே அதைச் சேர்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அது மூன்று மென்பொருளில் ஓட்டை பிடித்தது.

அம்பலவாணன் எழுதியது இரண்டாயிரத்து நானூறு வரி. சோதனை முடிவுகளை வண்ண வண்ணப் படமாகக் காட்டும். அது இரண்டு மாதமாக வாசலிலேயே நிற்கிறது. அதன் கீழே 'சூப்பர் சார்', 'அருமை சார்' என்று ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். யாரும் உள்ளே சேர்க்கவில்லை.

அவருக்கு வயிறு எரிந்தது. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் டீச்சரின் பக்கத்தைத் திறந்து, இன்றைக்கு என்ன அனுப்பியிருக்கிறார் என்று பார்ப்பார். ஒன்றும் இல்லையென்றால் காப்பி இனிக்கும். இருந்துவிட்டால் தோசையில் உப்பு இல்லை என்பார்.

"டீச்சர்னா கணக்குப் போட வேண்டியதுதானே. இங்கே என்ன வேலை?" என்றார் ஒரு நாள்.

"சாப்பிடுறப்பவும் அந்தப் பேர்தானா?" என்றார் அவர் மனைவி.

அடுத்த கூட்டத்தில் அம்பலவாணன் மெர்லினைத் தனியாகப் பிடித்தார்.

"மேடம், என் கோட் ஏன் இன்னும் உள்ளே போகலை?"

மெர்லின் யோசித்தார்.

"டீச்சரோட பதினோரு வரியைப் படிச்சீங்களா சார்?"

"பார்த்தேன்."

"படிச்சீங்களா?"

அம்பலவாணன் சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரிசெய்தார்.

"அடுத்த மாசம் வரும்போது படிச்சிட்டு வாங்க."

அவ்வளவுதான். ஆனால் அம்பலவாணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குருவுக்கே அந்தப் பதினோரு வரிமேல் சந்தேகம், அதனால்தான் தன்னிடம் விடுகிறார் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். சாவி கைமாறுவதும் அடுத்த மாதம்தான். டீச்சரின் சாயம் அதற்குள் வெளுத்துவிட வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் படித்தார். சாப்பாட்டு நேரத்தில் படித்தார். பதினோரு வரியும் மனப்பாடம் ஆனது. ஒவ்வொரு வரியும் எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதினார். ஓரெழுத்துப் பெயர் போட்டுப் பார்த்தார். நாற்பது எழுத்துப் பெயர் போட்டுப் பார்த்தார். பெயருக்கு நடுவில் இடைவெளி விட்டார், கடைசியில் புள்ளி வைத்தார். எதைப் போட்டாலும் பதினோரு வரியும் அசையாமல் நின்றன. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார்.

பத்தொன்பதாம் நாள், வேறு பெயர் எதுவும் தோன்றாமல், தன் பெயரையே போட்டார். ச.வே. அம்பலவாணன்.

திரும்பி வந்தது: ச. அம்பலவாணன்.

'வே' இல்லை. இரண்டு இனிஷியல் இருந்தால் இரண்டாவதை அந்த நிரல் சத்தமில்லாமல் விழுங்கியது. 'வே' என்பது வேலுச்சாமி, அவருடைய அப்பா. அப்பா காணாமல் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மகன் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

அந்த மாதக் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போனார். எல்லோரும் உட்கார்ந்ததும், சுவரில் பெரிதாகத் தெரியும்படி திரையைப் போட்டு, தன் பெயரைத் தட்டினார்.

"பாருங்க. இனிஷியலைத் தின்னுடுச்சு. இதைத்தான் ஒரே நாள்ல சேர்த்தோம்."

சொல்லிவிட்டு டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எப்படி வாடும் என்று பத்து நாளாகக் கற்பனை செய்துவைத்திருந்தார்.

செண்பகவல்லி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"ஐயையோ! என் கிளாஸ்லயே நாலு பிள்ளைகளுக்கு ரெண்டு இனிஷியல் சார். தினமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன், எனக்குத் தோணவே இல்லை பாருங்க. எப்படி சார் பிடிச்சீங்க?"

அந்த முகத்தில் வாட்டத்தை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்கவில்லை. டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்து பன்னிரண்டாவது வரியை எழுதினார். பக்கத்தில் இருந்தவர் படித்துப் பார்த்துச் சரி என்றார். மெர்லின் உள்ளே சேர்த்தார். இனிமேல் சல்லடை எந்தப் படிவத்தைச் சோதித்தாலும் ச.வே. அம்பலவாணன் என்ற பெயரையும் போட்டுப் பார்க்கும். கண்டுபிடித்தவர் என்று அதே பெயரைக் கீழேயும் எழுதியிருந்தார் டீச்சர்.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்பலவாணனின் முகத்தில் ஈயாடவில்லை. இடிக்க வந்தவர் முட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

டீயும் வடையும் வந்தன. வடையைக் கையில் வைத்துக்கொண்டே மெர்லின் விஷயத்தைச் சொன்னார்.

"சாவி டீச்சருக்கு."

மறுபடியும் கைதட்டல். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்பலவாணன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள். தன் வயதுக்கு இதற்காக அழக் கூடாது என்று நினைத்தார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

மெர்லின் பின்னாலேயே வந்து அவருக்கு மேல்படியில் உட்கார்ந்தார்.

"கேட்டுடுங்க சார்."

"அவங்க கோட்ல நான் தப்புக் கண்டுபிடிச்சேன். எல்லாரும் பார்த்தாங்க. சாவி அவங்களுக்கா?"

"எட்டு மாசத்துல அவங்க முப்பத்தேழு பேரோட கோட் படிச்சிருக்காங்க. சாவி வச்சிருக்கிறவங்களுக்குப் படிக்கிறதுதானே வேலை. ஆறு வருஷத்துல நீங்க எத்தனை பேரோடது படிச்சீங்க?"

அம்பலவாணன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பார்த்தது நிறைய. வரிவரியாகப் படித்தது என்றால்...

"ஒண்ணு."

"எது?"

அவர் தலையை மாடிப் பக்கம் அசைத்தார். கீழே ஜெராக்ஸ் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆனா நல்லாப் படிச்சீங்க சார். அப்படி ஒரு படிப்பு இந்த மாடியில நான் பார்த்ததே இல்லை."

"அப்ப என்னோடது? மூணு மாசமா வெளியில கிடக்கு. ஒன்பது பேர் பார்த்துட்டாங்க. ஒருத்தர்கூட ஒரு தப்பும் சொல்லலையே மேடம்!"

"சொல்லலை."

"டீச்சர்கூடப் பார்த்தாங்க."

"பார்த்தாங்க. சீனியர் எழுதினதுல நான் என்ன சொல்றதுன்னு மூடிட்டாங்க. மத்தவங்களும் அப்படித்தான். உங்களை எல்லாருக்கும் பிடிக்கும்."

"தப்பே இல்லைன்னா சேர்க்க வேண்டியதுதானே? இன்னும் எதுக்குக் காத்திருக்கீங்க?"

மெர்லின் கையிலிருந்த வடையைப் பிட்டு, பாதியை அவரிடம் நீட்டினார்.

"அந்தப் பதினோரு வரியை நீங்க படிச்ச மாதிரி, உங்களோடதையும் யாராவது படிக்கணும் சார். உங்க மேல அவ்வளவு வயித்தெரிச்சல் உள்ள ஆளா மூணு மாசமாத் தேடுறேன். இன்னும் ஒருத்தரும் கிடைக்கலை."