ஐந்தாவது கல்லில் அமர்ந்தவள்

“அப்பா, அவங்க நம்மை ஏமாத்தலைன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

முன்னொரு காலத்தில், சாப்பிட உட்கார்ந்த ஓர் அரசனிடம் அவன் சின்ன மகள் இப்படிக் கேட்டாள். அரசன் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டான்.

அந்த நாட்டையும் சேர்த்து ஐந்து நாடுகளுக்கு ஒரே துறைமுகம். சரக்கிலோ சுங்கத்திலோ சண்டை வந்தால், துறையிலிருந்த ஐந்து கற்களில் நாட்டுக்கு ஒருவரை அமர்த்தித் தீர்ப்புக் கேட்பார்கள். ஒரு கல் காலியாக இருந்தாலும் வழக்கு நடக்காது. பாட்டன்மார் செய்த ஏற்பாடு அது. போன பங்குனியில் ஒரு சுங்க வழக்கு அரசனுக்கு எதிராகப் போயிருந்தது. மகள் கேட்டது மற்ற நான்கு நாட்டாரைப் பற்றித்தான்.

மந்திரி பிரமராயர் காதோடு சொன்னார்: “நம் கல் காலியாகவே கிடக்கட்டும், பிரபு. மன்று கூடினால்தானே நமக்கு எதிராகத் தீர்ப்பு வரும்?”

‘நம் நாட்டார் எவரும் அந்தக் கல்லில் அமரக் கூடாது, அமர்ந்தால் சிரச்சேதம்’ என்று முரசறைந்தார்கள்.

மாதம் ஒன்று போகவில்லை. மிளகு வணிகன் சீராளன் அவையில் வந்து விழுந்தான். அந்த ஐந்து நாடுகளில் ஒன்றான கீழைநாட்டார் அவன் படகைக் காரணமின்றிப் பிடித்துவைத்திருந்தார்கள்.

“என் தம்பிகள் இருவரும் காவலில் இருக்கிறார்கள், மகாராஜா. மழை இறங்கினால் மிளகெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும்!”

அரசனுக்குத் தர்மசங்கடம். மந்திரிக்கோ அரண்மனை விகடன் வேம்பன்மேல் வெகுநாள் பொறாமை.

“வேம்பனை அனுப்புங்கள், பிரபு. ஆணையையும் மீறக் கூடாது, தீர்ப்பும் வர வேண்டும். தவறினால் நாடு கடத்துங்கள். அவருக்குத்தான் மூளை வழிகிறதே!”

“வழிவதை ஏந்திக்கொள்ள உங்கள் தலைப்பாகைக்குள் நிறைய இடம் இருக்குமே, மந்திரியாரே,” என்று சொல்லிவிட்டு வேம்பன் புறப்பட்டான்.

துறையில் மாசாத்தி என்ற கீழைநாட்டு உப்பு வியாபாரி தன் படகைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எங்க ராஜா கல்லுல கொஞ்சம் உக்காருறீங்களா?”

“கேலியா தம்பி? வழக்கே எங்க ராஜா மேலதானே!”

“தெரியும். எங்க நாட்டார்தான் உக்காரக் கூடாதுன்னு ஆணை.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “இதுல என்ன சூது?”

“ஒண்ணுமில்லக்கா. மனசுக்குச் சரின்னு பட்டதைச் சொல்லுங்க, போதும்.”

யாரை அமர்த்துவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். கீழைநாட்டு நடுவருக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. “எங்க ஊர்ப் பொண்ணா? தாராளமா உக்காரட்டும்!”

வழக்கைக் கேட்டு, மற்ற நான்கு நடுவர்களும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள். எல்லாரும் மாசாத்தியைப் பார்த்தார்கள்.

“அந்தப் படகு என்ன தப்புப் பண்ணுச்சுன்னு யாருமே சொல்லலியே. இன்னைக்கு இதைப் பிடிச்சது சரின்னா, நாளைக்கு என் படகைப் பிடிக்க நானே கயிறு எடுத்துக் குடுத்த மாதிரி. விட்டுடுங்க.”

மழைக்கு முன்பே சீராளனின் தம்பிகள் படகோடு வந்து சேர்ந்தார்கள்.

“கல்லில் ஆளை அமர்த்திவிட்டான்! சிரச்சேதம்!” என்று மந்திரி குதித்தார்.

“நம் நாட்டார் எவரும் அமரவில்லை, பிரபு. தாங்கள் யாரைச் சந்தேகித்தீர்களோ, அவர்களில் ஒருத்திதான் அமர்ந்தாள்,” என்றான் வேம்பன்.

அரசன் திகைத்தான். பிறகு மந்திரியின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோளில் கிடந்த பட்டை எடுத்து வேம்பனுக்குப் போர்த்தி, “வேறென்ன வேண்டும்?” என்றான்.

“அந்தக் கல்லுக்கு நம் ஆள் ஒருவரை அமர்த்துங்கள், பிரபு. எல்லா நாளும் மாசாத்தி கிடைக்க மாட்டாள்.”

மறுநாளே அப்படி ஆயிற்று.

ஊரே தேர் இழுக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், சீராளன் தனியாகத் துறைக்கு வந்தான். மாசாத்தியின் படகில் ஏறி, கிழிந்துகிடந்த பாய்ச்சீலையை மடியில் போட்டுக் கோணியூசியால் தைத்தான். கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கினான். சீலையை இருந்தபடியே சுருட்டி வைத்துவிட்டு, வந்த வழியே நடந்தான்.