உப்பளக்கரை நாகையன் பேசாமல் பேசியது

முன்னொரு நாளில் முல்லைவாசல் நாட்டைக் கண்டீரவன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் கோபம் எப்போது வரும், எப்போது போகும் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு வட்டாரத்து மக்களும் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவன் சபைக்கு அனுப்புவார்கள். உப்பளக்கரை மக்கள் அனுப்பியவர் நாகையன்.

அரசன் எதற்கெடுத்தாலும் நாகையனிடம் யோசனை கேட்க ஆரம்பித்தது பழைய சபைக்காரர் அனந்தராயருக்குப் பொறுக்கவில்லை. சமயம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சமயம் ஒரு கிளியால் வந்தது. தன் புகழைப் பாடப் பழக்கிய கிளியொன்றைக் கண்டீரவன் வேங்கைமலை அரசனுக்குப் பரிசாக அனுப்பினான். அது அங்கே போய் வாயே திறக்கவில்லை. வேங்கைமலை அரசன் விழுந்து விழுந்து சிரித்தானாம். சேதி கேட்ட கண்டீரவன், படை திரட்டுங்கள் என்றான். படைச் செலவுக்கு உப்பு மீதும் வரி போடச் சொன்னான். சபையில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

நாகையன் அன்று சபையில் இல்லை. விஷயம் தெரிந்ததும் ஊர்ச் சந்தையில் நின்று, போரும் கூடாது, உப்பு வரியும் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார். அதை ராயரின் ஆட்கள் கேட்டார்கள்; ராயர் அதை அரசன் காதில் போட்டார்.

மறுநாள் நாகையனைச் சபை நடுவே நிறுத்தினான் கண்டீரவன்.

"சந்தையில் என் போரைப் பழித்தீராமே? அந்தப் பேச்சை இந்தச் சபையில் யார் சொன்னாலும் அவர் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போக வேண்டியதுதான். பயந்து பேச்சை மாற்றினால், அதே சந்தையில் நின்று 'நான் பொய்யன்' என்று நீர் சொல்ல வேண்டும். இப்போது சொல்லும், உம் கருத்து என்ன?"

நாகையனுக்குப் போன போருக்கு உப்பளக்கரையிலிருந்து வண்டியோடு போன பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. பேச்சை மாற்றிவிட்டு அவர்களின் தாய்மார் முகத்தில் எப்படி விழிப்பது? ராயரைப் பார்த்தார். மனிதர் ஆசையோடு காத்திருந்தார். அந்த ஆசையைப் பார்த்ததும் நாகையனுக்கு வழி தெரிந்தது.

"அரசே, குற்றம் சாட்டியவர் அதை முழுதாகச் சொல்ல வேண்டாமா? அரைகுறையாகக் கேட்டு நான் எதற்குப் பதில் சொல்வது?"

நியாயம்தான் என்றான் அரசன். ராயர் துள்ளி எழுந்தார். நாகையனின் குரலையே வரவழைத்துக்கொண்டு பேசினார்.

"உப்புக்கும் வரி போட்டால் ஏழை கஞ்சியை எப்படிக் குடிப்பான்? அறுவடை நேரத்தில் ஆளைப் படைக்கு இழுத்தால் கதிரை யார் அறுப்பார்? ஒரு கிளி பேசவில்லை என்பதற்காக நம் பிள்ளைகள் சாக வேண்டுமா? இப்படியெல்லாம் பேசினார், அரசே."

மீசையை முறுக்கிக்கொண்டிருந்த அரசன் கை அப்படியே நின்றது. அந்தக் கேள்விகளை அதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

நாகையன் பணிவாகச் சொன்னார்: "ராயர் ஒரு சொல்லும் விடவில்லை. நான் மாற்றவும் எதுவும் இல்லை. இந்தச் சபையில் இதைச் சொன்னது யார் என்பதை மட்டும் அரசர் பார்த்துக்கொள்ளட்டும்."

ராயர் முகம் வெளுத்தது. அரசன் தோள் குலுங்கச் சிரித்தான். சபையும் மெல்லச் சிரித்தது.

ராயருக்குத் தண்டனை வேண்டாம் என்று நாகையனே கேட்டுக்கொண்டார்.

"சொன்ன சொல் சொன்னதுதான்," என்றான் அரசன். "ராயரே, எல்லை தாண்டிப் போங்கள். வேங்கைமலை அரசனைக் கண்டு, நமக்குள் சண்டை இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். அதையும் இதே போல ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும்."

உப்பு வரியும் அன்றே போனது. அரசன் தன் கழுத்து முத்துமாலையை நாகையனுக்குப் போட்டான்.

நாகையன் வீடு சேர்ந்தபோது அவர் மனைவி பொன்னரசி, நாட்டை விட்டே போக வேண்டியிருக்கும் என்று பாய், பானை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இறக்கு பொன்னரசி, எங்கேயும் போக வேண்டாம்," என்றார்.

அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்படி என்னதான் பேசினீங்க?"

"நான் எங்கே பேசினேன்? எனக்கும் சேர்த்து ராயர் பேசிட்டார். முதல்ல அந்தச் சோத்துப் பானையை இறக்கு. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணிகூட இறங்கலை."