கூட்டுக்குக் காவல் நின்றவர்

யோகமலரிடம் தூண்டில் பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது ஒரே கேள்விதான். எந்த இரைக்கு மீன் கடிக்கும்? அதற்கு அவர் பதில் சொன்னதை இதுவரை யாரும் கேட்டதில்லை. "இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்பார். பாதிப் பேர் தேநீரைக் குடித்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள்.

குலசிங்கம் போகவில்லை. டொரோன்டோவிலிருந்து மூன்று மணி நேரம் வடக்கே, யோகமலர் இருக்கும் ஏரிக்கு, போன வருடத்தையும் சேர்த்து இது குலசிங்கத்தின் ஐந்தாவது சனிக்கிழமை.

அவருக்கு நாற்பத்தேழு வயது. யோகமலருக்கு முப்பத்தொன்பது. எட்டு வயது இளையவரிடம் படிக்க அவருக்கு வெட்கமாக இருக்கவில்லை. அவர் "ரீச்சர்" என்று கூப்பிட்டார். யோகமலர் "அண்ணை" என்றார். இருவருக்கும் அது பொருந்திப் போயிற்று.

குலசிங்கம் பெரிய ட்ரக் ஓட்டுகிறவர். கனடாவில் சாமான் ஏற்றி அமெரிக்காவின் தென்கோடி வரை போவார். மூன்று கிழமை ஓட்டம், நாலு நாள் வீடு. தெற்கே சாமான் இறக்கக் காத்திருக்கும் நேரமெல்லாம் அங்குள்ள ஏரிகளில் பாஸ் பிடித்துப் பழகியவர். பாஸ் என்றால் நம்முடைய விராலைப் போல வாயும் பெரிது, கோபமும் பெரிது.

"அங்கை மாசி மாதமே தண்ணி இளஞ்சூடு ரீச்சர். போட்ட உடனை கடிக்கும். எட்டு றாத்தல், ஒன்பது றாத்தல். இஞ்சை கையளவு மீனுக்கு அரை நாள் நிக்க வேண்டிக் கிடக்கு. இந்த ஏரி சரியில்லை."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். யோகமலர் அதைச் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

"அந்தக் கையளவு மீனுக்கு என்ன வயசு தெரியுமோ அண்ணை?"

"ஒண்டு இருக்குமே?"

"நாலு. வருசத்திலை பாதி நாள் ஐஸுக்குக் கீழை கிடக்குது. வளர அதுக்கு நேரமில்லை."

குலசிங்கம் தலையை ஆட்டினார். அவர் அன்று மீனுக்காக மட்டும் வரவில்லை. மனதில் வேறொன்று கிடந்தது.

அவருடைய கம்பனி புது ஓட்டம் ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தது. தெற்கிலேயே தங்கி, தெற்கிலேயே ஓடவேண்டும். இரண்டு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். மனைவி பவானியிடம் கேட்டார். "உங்கட விருப்பம்" என்றார் பவானி. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கலியாணம் கட்டிய எல்லோருக்கும் தெரியும், குலசிங்கத்தைத் தவிர.

பத்து வருடம் காத்திருந்து பிறந்த மகள் ஒருத்தி. ஆரணி. மூன்று வயது.

"போன முறை வீட்டை போறன் ரீச்சர். என்ர மேள் கதவடியிலை வந்து நிண்டு, 'மாமா, வாங்கோ, இருங்கோ' எண்டு சொல்லுறாள்." குலசிங்கம் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

யோகமலர் சிரிக்கவில்லை. கேத்தலில் தண்ணீர் நிரப்பினார்.

"போகட்டோ ரீச்சர்? ரெண்டு வருசம்தான். விட்டிட்டுப் போறன் எண்டில்லையே. போய்ப் போய் வாறதுதானே."

"பேர்ச் மீனைப் பிடியுங்கோ அண்ணை. பாஸிலை மட்டும் கை வைக்க வேண்டாம். இன்னும் மூண்டு கிழமை தடை."

அவ்வளவுதான். அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

குலசிங்கம் தடியை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் நீண்டு நின்ற மரப்பாலத்துக்கு வந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வராத கோபம் கொஞ்சம் இருந்தது. ஆனி மாதத் தொடக்கம். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. பாலத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு ஆழத்தில், யாரோ தாம்பாளத்தைப் பதித்து எடுத்ததுபோல ஒரு வட்டம் தெரிந்தது. சேறு இல்லை, பாசி இல்லை, சுத்தமான கூழாங்கற்கள். அதன் மேலே கருத்த பாஸ் ஒன்று அசையாமல் நின்றது.

கூடு. குலசிங்கத்துக்கு அது தெரியும். தெற்கிலே அவர் பிடித்த பெரிய மீன்களில் பாதி கூட்டின்மேல் நின்றவைதான். கூட்டில் நிற்கும் மீன் ஓடாது. அது பசியில் கடிப்பதில்லை, கிட்ட வந்ததைத் துரத்தத்தான் கடிக்கும். எப்படியும் கடிக்கும்.

தடை என்றால் என்ன? கொல்லக்கூடாது, கொண்டு போகக்கூடாது. நான் கொல்லப்போகிறேனா? பிடித்துப் பார்த்துவிட்டு விடப்போகிறேன். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். நல்ல மனிதர்கள் செய்கிற பிழைகள் எல்லாம் இந்த மாதிரிக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

ரப்பர் புழுவை வட்டத்துக்குள் இறக்கினார். மீன் அதை வாயில் கவ்வி வெளியே எடுத்துப் போட வந்தது. இழுத்தார்.

இரண்டரை றாத்தல் இருக்கும். ஈரக் கையோடு போனை எடுத்தார். அது திறக்கவில்லை. கையைத் துடைத்துத் திறந்தார். முதல் படத்தில் அவருடைய நிழல் விழுந்துவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. பிறகு பாலத்தின் அந்த நுனிக்கு, ஆழமான பக்கத்துக்கு நடந்துபோய், மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி, அது தானாக வாலை அடித்த பிறகே கையை விட்டார். முறையாகச் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது.

"பாருங்கோ ரீச்சர், ஒரு செதிலும் போகேல்லை. நீந்திப் போட்டுது."

யோகமலர் ஓடி வந்தார். அவர் ஓடிக் குலசிங்கம் பார்த்ததில்லை.

"எங்கை பிடிச்சனீங்கள்?"

குலசிங்கம் கையைக் காட்டினார்.

"பாருங்கோ."

பார்த்தார். கையளவு சன்ஃபிஷ் மீன் ஒன்று, மஞ்சள் வயிறு, வட்டத்துக்குள் தலையைக் குத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாசிக்குள்ளிருந்து பத்து, இருபது, முப்பது வந்தன. கற்களைக் காணவில்லை. வெறும் வால்கள்தான் தெரிந்தன. கற்களுக்கு இடையிலிருந்து கரும்புகை போல ஏதோ எழுந்தது. கண்ணைக் கூர்ந்து பார்த்தார். கடுகளவு குஞ்சுகள். எழுந்த புகை எழுந்த இடத்திலேயே இல்லாமல் போயிற்று.

ஒரு சத்தமும் இல்லை. அதுதான் குலசிங்கத்தை உலுக்கிவிட்டது. இவ்வளவு நடக்கிறது, தண்ணீர் மேலே ஒரு வளையம்கூட விழவில்லை. பாலத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன செய்யினம் ரீச்சர்?"

"சாப்பிடுகினம்."

"அந்தப் பாஸ் எங்கை? நான் உயிரோடைதானே விட்டனான்."

யோகமலர் ஆழப் பக்கத்தைக் காட்டினார். தாழ்ந்து கிடந்த மரக்கட்டைக்குக் கீழே பாஸ் செவுளை விரித்து விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"தகப்பன் உயிரோடைதான் இருக்கிறார். வர நேரமெடுக்கும்."

"அதுக்குள்ளை?"

"இறங்குங்கோ."

"தண்ணி…"

"இறங்கிக் கூட்டடியிலை நில்லுங்கோ. அவர் வரும்வரைக்கும்."

குலசிங்கம் காற்சட்டையோடு இறங்கினார். போன மாதத் தொடக்கம்வரை ஐஸ் கிடந்த தண்ணீர். இடுப்புக்கு ஏறியதும் வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது, சொல் வரவில்லை. பாலத்தில் கிடந்த வலைக் கம்பை இழுத்தெடுத்துச் சுழற்றினார். சன்ஃபிஷ்கள் சிதறின. இரண்டு முழம் தள்ளி நின்று அவரைப் பார்த்தன. இந்தப் பக்கம் விரட்டினால் அந்தப் பக்கத்தால் நுழைந்தன. அந்தப் பக்கம் திரும்பினால் அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவாலேயே போயின. இரண்டு கை, இரண்டு கால், ஒரு கம்பு. ஒரு வாலை வைத்து அந்த மீன் செய்த வேலையை அவரால் செய்ய முடியவில்லை.

"நீங்களும் இறங்குங்கோவன் ரீச்சர்."

"பிடிச்சது நீங்கள்."

கால் விறைத்தது. பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. பாலத்துப் பலகையில் வைத்த போன் அடித்தது.

யோகமலர் குனிந்து பார்த்தார். "உங்கட கம்பனி. பதில் கேக்கினம் போலை."

"அடிக்கட்டும்."

"எடுத்துக் கதைச்சிட்டு வாங்கோவன் அண்ணை. ஒரு நிமிசம்தானே."

குலசிங்கம் போனைப் பார்த்தார். வட்டத்தின் விளிம்பில் வரிசையாக நின்ற மஞ்சள் வயிறுகளைப் பார்த்தார்.

"ஏலாது ரீச்சர்."

போன் அடித்து ஓய்ந்தது.

கடைசியில், அரை மணி நேரம் இருக்கும், குலசிங்கத்தின் முழங்காலுக்குக் கீழே ஏதோ முட்டியது. விறைத்த காலிலும் அது நோவாகத் தெரிந்தது. அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். மறுபடியும் முட்டியது. தண்ணீருக்குள் கருத்த உருவம் ஒன்று திரும்பி, வேகமெடுத்து, மூன்றாம் முறையும் நேரே அவருடைய காலுக்கு வந்தது.

"ரீச்சர், என்னை இடிக்குது."

"வந்திட்டார். நீங்கள் வெளியிலை வாங்கோ."

"நான் அதின்ர குஞ்சுகளுக்குக் காவல் நிண்டனான். என்னைப் போய்…"

"அவருக்கு உங்களை ஆரெண்டு தெரியாது."

குலசிங்கம் பாலத்து ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் அவர் உடம்பிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் 'மாமா' கதை சொல்லிச் சிரித்த சிரிப்பு இப்போது வரவில்லை என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன்.

யோகமலர் போர்வையைக் கொடுத்தார். தேநீரையும் கொடுத்தார். இருவரும் பலகையில் இருந்து கீழே பார்த்தார்கள். பாஸ் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. தலையைத் தாழ்த்திக் கற்களைப் பார்த்தது. ஒரு ஓரத்தில் உள்ளங்கையளவு குஞ்சுகள் கறுப்பாக மிஞ்சியிருந்தன. காலையில் அந்தத் தாம்பாளம் முழுக்கக் கற்களுக்குள் ஒளிந்திருந்தன.

"நாலு நிமிசம்தான் வெளியிலை வைச்சிருந்தனான் ரீச்சர்."

"ஓம்."

"தெற்கிலையும் இப்பிடித்தான் பிடிச்சனான். எத்தினை வருசம். பிடிச்சுப் பிடிச்சு விட்டனான். ஒருநாளும் கூட்டைத் திரும்பிப் பாக்கேல்லை." போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "ஊரிலை விரால் குஞ்சோடை நிண்டா ஆரும் தூண்டில் போடுவினமே?"

"போடுவினம். சுகமாப் பிடிபடும் எல்லோ."

அவர் வேறு பதிலை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப தெற்கிலையும் குஞ்சுகளைத் தின்னுறதுதானே?"

"தின்னும். ஆனா அங்கை தண்ணி சூடு. மாசியிலை அழிஞ்சா பங்குனியிலை இன்னொரு கூடு கட்டலாம். அதுவும் போனா சித்திரை கிடக்குது. காலம் நீளம்."

"இஞ்சை?"

"இஞ்சை வெயில் ஒருக்காத்தான் வரும். இந்த வருசத்துக்கு அவருக்கு இதுதான் கூடு."

போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை குலசிங்கம் அதைக் கையில் எடுத்தார். திரையைப் பார்த்தார். விரல் ஈரமாகவே இருந்தது. எடுக்கவுமில்லை, வெட்டவுமில்லை.

"ரீச்சர், காலமை கேட்டதுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை. போகட்டோ?"

"ஆரணிக்கு எத்தினை வயசு எண்டனீங்கள்?"

"மூண்டு."

யோகமலர் கோப்பையில் மிஞ்சியிருந்த தேயிலையைப் புல்லில் கொட்டினார்.

"மூண்டு வயசு தெற்குத் தண்ணியோ அண்ணை, வடக்குத் தண்ணியோ?"