நாடி பார்க்கும்போது பேசக் கூடாது

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததில்லை. அந்த அக்குபங்சர் கிளினிக்குக்கு முதுகுவலி என்று போய்க்கொண்டிருந்த ஒருவர் என் சித்தப்பாவிடம் சொல்ல, சித்தப்பா எனக்குச் சொன்னார். வழியில் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருக்கலாம்.

கமுதிக்குப் பக்கத்தில் மரியபுஷ்பம் என்பவர் கிளினிக் வைத்திருந்தார். நாற்பதை எட்டாத வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் செண்பகராமன், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். குருவுக்கு அப்பா வயது. "குருவே" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் மரியபுஷ்பத்துக்கு எரிச்சல் வரும்.

"மேடம்னு சொல்லுங்க சார், போதும்."

செண்பகராமனுக்கு நாடியில் ஒரு பித்து. மணிக்கட்டில் விரலை வைத்துவிட்டால் நோயாளி வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்று நம்பினார். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவரைத் தனியாகப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. மரியபுஷ்பம் உள்ளறையில் வேறொரு நோயாளியோடு இருந்தார்.

வந்தவர் சோலைமலை. கருவேலங்காட்டில் விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். கூடவே அவர் மனைவி இருளாயி.

"காலு எரியுதுங்கிறாரு சார். சுகர் இருக்கு. இவுங்க அப்பாவுக்கும் சுகர்லதான் காலை எடுத்தாங்க. இவருக்கும் போயிருமோன்னு எனக்கு..."

"அம்மா, நாடி பார்க்கும்போது பேசக் கூடாது."

இருளாயி வாயை மூடினாள். செண்பகராமன் கண்ணை மூடினார். விரலுக்கடியில் ஏதோ நூல்போல ஓடியது. இதோ பிடிபட்டுவிடும்.

"பாயில..."

"அம்மா!"

"இல்ல சார், காலையில பாயைச் சுருட்டுறப்ப..."

"பாய், தலகாணி எல்லாம் அப்புறம். உடம்பே எல்லாத்தையும் சொல்லும்."

"உடம்பு எங்க சொல்லுது? நான்ல சொல்லிக்கிட்டிருக்கேன்."

சோலைமலை சிரித்தார். "வீட்டுலயும் இப்படித்தான் சார். ரேடியோவையாவது அமத்தலாம்."

"நீ சும்மா இருய்யா. எல்லாம் உன்னாலதான்."

செண்பகராமனுக்கு மண்டை சூடேறியது. வகுப்பு வகுப்பாக அடக்கி வைத்த மனிதர். இந்த ஒரு பெண்ணை அடக்க முடியவில்லை. நூல் அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து தேடினார். ஒருவழியாகக் கிடைத்தபோது புதுச் சிக்கல்: மண்ணீரல் பலவீனம் என்று ஒரு விரல் சொன்னது, சிறுநீரகம் என்று இன்னொரு விரல் சொன்னது.

உள்ளறைக் கதவைத் தட்டினார். மரியபுஷ்பம் வெளியே வந்தார்.

"ஒரே ஒரு கேள்வி மேடம். மண்ணீரலா, சிறுநீரகமா? எந்தப் புள்ளியில ஊசி போட?"

மரியபுஷ்பம் இருளாயியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்க்கா இப்படி உம்முனு உட்கார்ந்திருக்கீங்க?"

"ஒருத்தராவது கேட்டீங்களே தாயி! பாயில ரத்தம். நேத்தும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. எங்கயிருந்து வருதுன்னு கேட்டா, எனக்கு எங்கயும் வலிக்கலைங்கிறாரு. இந்தச் சாருகிட்டச் சொல்லலாம்னா, கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறாரு."

"தூங்கலம்மா..."

"சார், கொஞ்சம் இருங்க," என்றார் மரியபுஷ்பம்.

தரையில் உட்கார்ந்து சோலைமலையின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தார். கரி ஏறிக் கறுத்த பாதம். ஈரப் பஞ்சால் துடைக்கத் துடைக்க, விரல்களுக்குக் கீழே ஒரு புண் வெளியே வந்தது. சுற்றிலும் வீங்கியிருந்தது. நாற்றம் அடித்தது.

எழுந்து வாசலுக்குப் போய் அவருடைய செருப்பை எடுத்து வந்தார். டயர் செருப்பு. அடியிலிருந்து ஏறிய கருவேல முள் ஒன்று உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

"இதோடயா நடந்து வந்தீங்க?"

"குத்தலையே தாயி." சோலைமலையின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

இருளாயி தலையில் அடித்துக்கொண்டாள். "நெருப்பை மிதிச்சாலும் இந்த மனுசனுக்குத் தெரியாது."

"சுகர்ல கால் மரத்துப்போனா எரிச்சல் இருக்கும், முள்ளு குத்துனாத் தெரியாது. ஆட்டோ கூப்பிடுங்க சார். உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். இவர் இனிமே ஒரு அடிகூட நடக்கக் கூடாது."

செண்பகராமன் போன் செய்தார். செய்துவிட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அப்ப நம்ம சிகிச்சை, மேடம்? ஒரே ஒரு புள்ளியாவது..."

மரியபுஷ்பம் பல்லைக் கடித்தது அவருக்குத் தெரிந்தது.

"சார், அவரு கால்ல ஏற்கனவே ஒரு ஊசி ஏறியிருக்கு. போதும்."

ஆட்டோ வந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சோலைமலையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். இருளாயி ஏறிக்கொண்டாள்.

"நீங்களும் கூடப் போங்க சார்."

"நானா? டாக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். அந்தக்கா சொல்லும்போது யாரும் குறுக்க பேசாமப் பார்த்துக்கங்க."

செண்பகராமன் பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

கால் பிழைத்தது என்பதோடு சித்தப்பா கதையை முடித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பாமல் பிறகு விசாரித்தேன். கால் பிழைத்தது உண்மைதான். இரண்டு விரல்களை எடுத்திருக்கிறார்கள்.