இருவாச்சி மறந்த மரம்

மழை அடிக்கடி வந்துபோகும் ஒரு காட்டில், பேரலகர் என்ற இருவாச்சிப் பறவை வாழ்ந்துவந்தார். எந்த மாதத்தில் எந்த அத்தி பழுக்கும், எந்த ஆலில் பழம் தீர்ந்துபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சிறகடிக்கும் சத்தம் கேட்டால் போதும், மற்றப் பறவைகள் பின்னாலேயே கிளம்பிவிடும்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு கீறல் மட்டும் திறந்திருக்கும். ஆண் பறவை பழம் தேடி வந்து அதன் வழியாக ஊட்டும். பேரலகரும் தம் மனைவி வெண்விழிக்கு அப்படித்தான் இருபது ஆண்டுகள் ஊட்டினார்.

ஒரு கோடையில் வெண்விழி இறந்துபோனாள். பேரலகர் ஒரு மருத மரக்கிளையில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனமில்லை.

அதைப் பார்த்த வாலன் என்ற குரங்கு கைகட்டி நின்றது.

"ஐயா, இந்த வயதில் எதற்கு இந்த அலைச்சல்? இருபது வருடம் ஊட்டிய உங்களுக்கு ஊட்ட ஒருவன் வேண்டாமா? எந்த மரம் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

பேரலகருக்குக் கண் கலங்கிவிட்டது. 'இப்போது என் முறை வந்திருக்கிறது' என்று நினைத்துக்கொண்டார்.

தினமும் அவர் ஒரு மரம் சொல்வார். வாலன் தன் கூட்டத்தோடு போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மீதியில் பத்துப் பழம் கொண்டுவரும். சிறகுச் சத்தம் கேட்காததால் மற்றப் பறவைகள் வேறு வழி பார்த்துக்கொண்டன. பேச்சுக்கும் ஆளில்லை. காலையா மாலையா என்பதைக்கூட வெயில் வந்து சொன்னால்தான் உண்டு.

மாதங்கள் போயின. ஒருநாள் வாலன் வெறுங்கையோடு திரும்பியது. "ஓடைக்கரை அத்தி போன மாதமே உதிர்ந்துவிட்டதே, ஐயா!"

மறுநாள், "நீர் சொன்ன இடத்தில் மரமே இல்லை!"

மூன்றாம் நாள் அதன் குரலே வேறாக இருந்தது. "ஞாபகம் இல்லாத கிழத்துக்கு நான் எதற்குப் பழம் சுமக்க வேண்டும்?" போன வாலன் வரவே இல்லை.

அன்று மாலை, பருவத்தின் முதல் மழை விழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் முதல் மழையன்று பேரலகர், வெண்விழி முட்டையிட்ட அந்தப் பொந்து மரத்துக்குப் போவார். போகலாம் என்று சிறகை விரித்தார். எந்தப் பக்கம்? எந்த மரம்?

எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அத்தியும் ஆலும் மறந்தால் போகட்டும். இது வெண்விழியின் வாசல் அல்லவா! அவர் காடே அதிரக் கத்தினார். பதில் குரல் எதுவும் வரவில்லை.

கடைசியில் கத்தரிவால் என்ற கரிச்சான் குருவி வந்தாள். பருந்தையே விரட்டிச் சண்டை போடுகிறவள்.

"என்ன பெரியப்பா, மழையில் இந்தக் கத்தல்?"

"வீடு மறந்துபோச்சு அம்மா. வயதாகிவிட்டதல்லவா."

"எல்லாப் பழியையும் வயதின் மேல் போடாதீர்கள்! வயது நாலைந்து மரத்தைக் கொண்டுபோயிருக்கும். மற்றதெல்லாம் நீங்கள் உட்கார்ந்தே தொலைத்தது."

"வாலன் மரியாதைக்காகத்தானே..."

"மரியாதையா? பெரியம்மா பொந்துக்குள் உட்கார்ந்தார்கள். சரி, முட்டை இருந்தது. குஞ்சு வளர்ந்ததும் வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நீங்கள் எந்த முட்டையை அடைகாக்கிறீர்கள்? சொல்லுங்கள் பார்ப்போம்!"

பேரலகர் நனைந்த சிறகை ஒருமுறை உதறினார்.

"மரம் எங்கே என்று தெரியாமல் எப்படியம்மா பறப்பேன்?"

"நாளைக்குப் பக்கத்து மரம் வரை வாருங்கள். அது தெரிகிறதல்லவா?"

மறுநாள் அந்த ஒரு மரத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்த நாள் இரண்டு மரம். கத்தரிவால் கூடவே பறந்து, எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் பேசிக்கொண்டே வந்தாள். அவரும் கோபத்தோடு பதிலுக்குப் பேசினார். ஒரு நாவல் மரத்தில் இறங்கியபோது ஓடையின் வளைவு ஞாபகம் வந்தது. வளைவுக்குப் போனதும் பிளந்த பாறை தெரிந்தது. சில மரங்கள் கடைசி வரை நினைவுக்கு வரவே இல்லை.

சிறகுச் சத்தம் கேட்டு வாலன் கிளைக்குக் கிளை தாவி வந்தது. "ஐயா, ஐயா! நீங்கள் உட்காருங்கள். எந்த மரம் என்று சொல்லுங்கள், நான் போகிறேன்!"

"இந்த மரத்துக்கு நான்தான் போக வேண்டும் அப்பா," என்று சொல்லிவிட்டுப் பேரலகர் பறந்தார்.

பாறையைத் தாண்டி ஓர் அயனிப் பலா மரம்; வெண்விழியின் மரம். அதன் பொந்து வாசலில் காய்ந்த மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பேரலகர் தொற்றிக்கொண்டு அலகைப் பொந்துக்குள் நீட்டினார். தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. வழியில் எப்போது எடுத்துவைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

உள்ளிருந்து அதை வாங்க யாரும் இல்லை. மெல்ல உள்ளே போட்டார். அது விழும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தார்.

பிறகு, வந்த வழியை ஒவ்வொரு மரமாகப் பெயர் சொல்லிக்கொண்டே திரும்பிப் பறந்தார்.

நீதி: வயதானவரை அசையவிடாமல் உட்கார வைப்பது மரியாதை ஆகாது; உடல் அசைந்து, நாலு பேரோடு பழகினால்தான் நினைவு உடன் இருக்கும்.