தாசில்தாரும் சொட்டுகிற வால்வும்

வெயில் ஏறினால் மொட்டைமாடி சோலார் ஹீட்டரின் வால்வு சொட்டும். ஓய்வுபெற்ற தாசில்தார் மயில்சாமிக்கு அது பொறுக்காது.

"எம்-சீல் பசை வச்சு அதை அடை. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று சமையல்காரி துளசிமணியிடம் கத்தினார்.

"அடைச்சுடறனுங்க. ஆனா பொழுது சாயற வரைக்கும் நீங்க கத்தாம இருக்கோணுமுங்க."

"அதென்ன பெரிய காரியம்?"

பேப்பர் தாமதமாக வந்தது. அடக்கிக்கொண்டார். காபி ஆறிக் கிடந்தது. அடக்கிக்கொண்டார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. மத்தியானம் ரசத்தில் உப்பில்லை. வீடே அதிரக் கத்தித் தீர்த்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"உங்களாட்டத்தான் அந்தத் தொட்டியும் கொதிச்சா வால்வு வழியா ஆவியை விடுதுங்க. அடைச்சா வெடிச்சுப்போடும். மாசம் ஒருக்கா வால்வு லீவரைத் தூக்கி, படிஞ்ச உப்பைத் தள்ளிவிட்டாப் போதுமுங்க."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு என்ர உப்பில்லாத ரசமே போதுமுங்க."